ரெண்டு கார்புரேட்டர்... ஒரு காது!

ஒரு ஆபீஸில் இரண்டு மேனேஜர்கள் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. ஒருத்தர், ‘‘இன்னிக்கே முடிச்சுடுப்பா’’ என்பார். அடுத்தவர், ‘‘என்ன அவசரம்? திங்கட்கிழமை பாத்துக்கலாம்’’ என்பார். நடுவில் ஃபைலும் கையுமாக நிற்கிற நமக்குத்தான் தலைவலி.

சில பழைய கார் இன்ஜின்களுக்கும் இதே தலையெழுத்து. ஒன்றுக்கு இரண்டு கார்புரேட்டர்! இரண்டும் ஒத்துப்போனால் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடும். கொஞ்சம் பிணக்கு வந்துவிட்டதோ, சிக்னலில் நிற்கும்போது விக்கும், மிதித்தால் இருமும், பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகை பூசும். இந்த இரண்டு பேரையும் சமாதானம் பண்ணி வைக்கிற வேலைக்குத்தான் ட்யூனிங் என்று பெயர். ஸ்பேனர் வேலை அதில் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு காது வேலை.

‘கார்புரேட்டரா? அதெல்லாம் எந்தக் காலத்து சமாசாரம்!’ என்கிறீர்களா? வாஸ்தவம். நம் ஊரில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு பெரும்பாலான புது பைக்குகளில் அதன் கதை முடிந்தது. இப்போது பெரும்பாலும் எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன். ஆனாலும் தெருவில் ஓடுகிற எத்தனையோ பழைய பைக்குகளின் வயிற்றில் இன்னும் கார்புரேட்டர்தான் உட்கார்ந்திருக்கிறது. அது செய்கிற வேலையும் சாதாரணமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிய சுமார் ஒன்பதாயிரம் லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்தக் கணக்கை, கம்ப்யூட்டர் இல்லாமல், கரன்ட் இல்லாமல், ஒரு ஊசியும் ஓட்டையும் வைத்துக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தில் போடுகிறது கார்புரேட்டர்.

ஒண்டுக்குடித்தன இன்ஜின்

இரட்டைக் கார்புரேட்டர் என்றதும் நம்ம ஆட்களுக்கு எண்பதுகளில் வந்த ராஜ்தூத் 350 ஞாபகம் வரும். இரண்டு சிலிண்டர், ஆளுக்கொரு கார்புரேட்டர். என் மாமா ஒருத்தர் அதை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படாதபாடு படுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் இந்தக் கலையை உட்கார்ந்து கற்றுக்கொண்டது 2019-ல். கம்பெனி வேலையாக எட்டு மாதம் பர்மிங்காமில் இருந்தேன். வண்டி, மினி கூப்பர்.

மிஸ்டர் பீன் ஓட்டுவாரே, தீப்பெட்டி சைஸில் ஒரு கார்... அதுதான் மினி. அலெக் இஸிகோனிஸ் என்ற இன்ஜினீயரின் கைவண்ணம். 1959-ல் வந்தது. 848 சி.சி. இன்ஜின், 34 குதிரை சக்தி. ரேஸ் கார் கட்டுகிற ஜான் கூப்பர் இதை ஓட்டிப் பார்த்து மயங்கி, ‘இதற்குக் கொஞ்சம் காரம் சேர்க்கலாமே’ என்றார். இன்ஜினைக் கொஞ்சம் பெரிசாக்கி, கேம் மாற்றி, இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களை மாட்டினார்கள். 1961-ல் 55 குதிரையோடு வெளியே வந்தது மினி கூப்பர். அதன் அண்ணன் கூப்பர் எஸ், 1964, 1965, 1967 என்று மூன்று வருஷம் மான்ட்டி கார்லோ ராலியில் பெரிய பெரிய கார்களைப் பின்னால் விட்டு ஜெயித்தது.

சரி, எதற்கு இரண்டு? அந்த இன்ஜினில் நாலு சிலிண்டர். ஆனால் காற்று உள்ளே போக வாசல் இரண்டுதான். 1, 2 நம்பர்களுக்கு ஒரு வாசல். 3, 4 நம்பர்களுக்கு ஒரு வாசல். சுத்தமான ஒண்டுக்குடித்தனம்! ஒரே கார்புரேட்டர் நடுவில் இருந்து நாலு பேருக்கும் படியளந்தால் அவசரத்துக்குப் பற்றாது. வாசலுக்கு ஒன்று வைத்தால் தாராளமாக மூச்சு விடலாம். ஆனால் ஒரு வாசல்காரர் அதிகம் கொடுத்து இன்னொருவர் குறைத்துக் கொடுத்தால், பாதி இன்ஜின் தின்று கொழுக்கும். பாதி பட்டினி கிடக்கும். பட்டினிதான் அபாயம். பெட்ரோல் குறைந்தால் உள்ளே சூடு ஏறும். வால்வு கருகலாம். கவனிக்காமல் விரட்டினால் பிஸ்டனில் ஓட்டையே விழலாம்.

செருப்புக்கடைக்காரரின் கண்டுபிடிப்பு

எஸ்.யூ. என்றால் ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’. ஸ்கின்னர் குடும்பம் லண்டனில் செருப்பு வியாபாரம் செய்தது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜின் பைத்தியம். அவர் செய்த ஆரம்ப கால கார்புரேட்டருக்குள் சுருங்கி விரிகிற துருத்தி ஒன்று இருந்தது. அது எதில் செய்தது தெரியுமோ? தோலில்! (வீட்டில் இருக்கிற சரக்கை வைத்துத்தானே செய்ய முடியும்?) பிறகு தோல் போய் உலோக பிஸ்டன் வந்தது. 1926-ல் கார் முதலாளி வில்லியம் மாரிஸ் கம்பெனியையே வாங்கிவிட்டார்.

அமைப்பு ரொம்ப எளிது. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி. உள்ளே மேலும் கீழும் போகிற பிஸ்டன். பிஸ்டனின் அடியில் கூம்பாக இழைத்த ஊசி ஒன்று, பெட்ரோல் வருகிற ஜெட்டுக்குள் தொங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் காற்றை வேகமாக உறிஞ்சும், பிஸ்டன் எழும்பும், ஊசியும் எழும்பும். ஊசியின் மெல்லிய பாகம் ஜெட்டுக்கு வருவதால் சுற்றிலும் இடைவெளி கூடி பெட்ரோல் அதிகமாக வரும். காற்று எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல். நம்ம பல்சரில் வந்ததே கான்ஸ்டன்ட் வாக்யூம் கார்புரேட்டர், அதுவும் இதே தத்துவம்தான்.

‘‘எனக்கு ‘உஸ்’ கேக்கலை!’’

பர்மிங்காமில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபத்தெட்டு வயது. லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில், மினி பிறந்த அதே இடத்தில், இளமை முழுவதையும் கழித்தவர். அந்தத் தொழிற்சாலையில் பெரிய அளவு உற்பத்தி 2005-ல் நின்றுபோனது. பெரியவர் நிற்கவில்லை. வீட்டு ஷெட்டில் 1966-ம் வருஷத்து 998 சி.சி. மினி கூப்பர் ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். (அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். பர்மிங்காம் இங்கிலீஷை இங்கிலீஷாகவே புரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று!)

ஒரு சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். ‘‘தம்பி, உனக்குக் காது நல்லா கேக்குமா?’’

‘‘கேக்கும் சார். எதுக்கு?’’

‘‘அப்ப இங்க வா.’’

விஷயம் இதுதான். வண்டி ஐடிலிங்கில் நிற்க மாட்டேன் என்கிறது. விரட்டினால் புகை. இரண்டு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோய்ப் பணமும் அழுதாகிவிட்டது. இரட்டை எஸ்.யூ.வை ட்யூன் பண்ணும்போது ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் மாறி மாறி வைத்து ‘உஸ்...’ என்று காற்று போகிற சத்தத்தை ஒப்பிட வேண்டும். முப்பது வருஷம் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின்களுக்கு நடுவில் வேலை பார்த்த காதுக்கு அந்த ‘உஸ்’ கேட்பதில்லை. சத்தத்தில் பழுதான காதில் முதலில் காணாமல் போவது இந்த மாதிரி கீச்சு ஒலிகள்தான். கனமான ஒலிகள் கடைசி வரை துணைக்கு இருக்கும். காது மிஷின் வைத்துக்கொண்டும் பார்த்திருக்கிறார். ‘‘எல்லாச் சத்தமும் ஒரே சத்தமா வருது’’ என்றார்.

வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வந்திருந்தது. நம்ம பணத்தில் பல லட்சம். ‘‘இந்தத் தடவையும் சரியா வரலைன்னா குடுத்துடப் போறேன். என் வண்டி பேசறது எனக்கே கேக்கலைன்னா, அது என்னப்பா என் வண்டி?’’ என்றார் பெரியவர். 1971-ல் மகள் பிறந்த வருஷம் வாங்கிய வண்டி அது. ஜோக்காகச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, பானெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் சொன்னதும், குழாய் சொன்னதும்

அன்று காலை முழுவதும் கார்புரேட்டரைத் தொடவே விடவில்லை. ‘‘கார்புரேட்டர் கோளாறுல பாதி, இக்னிஷன்ல இருக்கும்’’ என்பது அவர் கட்சி. முதலில் டேப்பெட் இடைவெளி: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. பிறகு பாயிண்ட்: ஆயிரத்தில் 15 பங்கு. பிளக்: ஆயிரத்தில் 25 பங்கு. அப்புறம் டைமிங். எல்லாம் சரி.

பிளக்குகளைக் கழற்றியபோதே முதல் துப்பு கிடைத்தது. 1, 2 நம்பர் பிளக்குகள் பிஸ்கட் நிறம். ஆரோக்கியம். 3, 4 நம்பர்கள் அடுப்புக்கரி. அதாவது இடது கார்புரேட்டர் குடித்தனம் நன்றாக நடக்கிறது. வலது பக்கம் பெட்ரோல் கூடுதல்.

இரண்டாவது துப்பு, ஜெட்டுக்கு அடியில் இருக்கிற ஆறு பட்டை நட்டு. அதைக் கீழே இறக்கினால் ஜெட் இறங்கும், பெட்ரோல் கூடும். மேலே ஏற்றினால் குறையும். முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று, அதாவது 12 பட்டை இறக்குவது ஆரம்பக் கணக்கு. பெரியவர் எண்ணிப் பார்த்தார். இடதில் 12. வலதில் 19! ‘‘ஏன் இவ்வளவு இறக்கியிருக்கான்?’’ என்று முணுமுணுத்துவிட்டு, வேண்டுமென்றே நட்டுகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார்.

ஷெட் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு (மூடின ஷெட்டில் இன்ஜினை ஓடவிடுவது உயிருக்கு ஆபத்து; கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது) இன்ஜினைச் சூடாக்கினோம். காற்றை அளக்கிற மீட்டர் ஒன்று வைத்திருந்தார். இரண்டு வாயிலும் மாறி மாறி வைத்தார். முள் ஒரே இடத்தில் நின்றது. மீட்டர்படி இரண்டும் சமம். ஆனால் இன்ஜினோ விக்கிக்கொண்டேயிருந்தது!

‘‘இப்ப நீ’’ என்று குழாயைக் கொடுத்தார்.

இடது வாய்: ‘உஸ்...’. வலது வாய்: அதே ‘உஸ்...’. ஆனால் அதற்குப் பின்னால், சன்னமாக, பால்காரர் விசிலைத் தூரத்தில் கேட்கிற மாதிரி, ஒரு ‘கீ...’. குழாயை வாயிலிருந்து எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். வலது கார்புரேட்டரின் பக்கவாட்டில், த்ராட்டில் தகடைத் திருப்புகிற தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், ‘கீ’ பலமாகக் கேட்டது.

பெரியவர் வேறொன்றும் சொல்லவில்லை. எண்ணெய்க் கேனை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போய் சைலன்ஸர் அருகே குந்தி உட்கார்ந்துகொண்டார். ‘‘ஒரு சொட்டு விடு!’’

விட்டேன். தண்டைச் சுற்றி எண்ணெய் பரவியதும் ‘கீ’ நின்றது. அடுத்த விநாடி பின்னாலிருந்து ஒரு கத்தல்: ‘‘மாறிடுச்சு! சத்தம் கனத்துப்போச்சு!’’

கீச்சு ஒலி எனக்குக் கேட்டது. கனத்த ஒலி அவருக்குக் கேட்டது. ரெண்டு பேரையும் சேர்த்தால்தான் ஒரு முழு மெக்கானிக்!

நடந்தது இதுதான். ஐம்பது வருஷத்தில் தண்டு தேய்ந்து, அந்த இடுக்கு வழியே திருட்டுக் காற்று உள்ளே போயிருக்கிறது. வாய் வழியே போகிற காற்றை மட்டும்தானே மீட்டர் அளக்கும்? கொல்லைப்புறமாக வருகிற காற்று அதன் கணக்கில் வராது. காற்று கூடினதால் ஐடிலிங்கில் பெட்ரோல் பற்றவில்லை. ஒர்க் ஷாப்காரர்கள் காரணத்தைத் தேடாமல், நட்டை இறக்கிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்கள். ஐடிலிங் ஒப்பேறியது. ஆனால் ரோட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வாய் வழியே நிறையக் காற்று வரும். திருட்டுக் காற்றின் பங்கு அற்பமாகிவிடும். கூட்டின பெட்ரோல் மட்டும் அப்படியே நிற்கும். அதுதான் கரும்புகை, அதுதான் அடுப்புக்கரி.

வலது கார்புரேட்டர் மட்டும் கழன்று ரிப்பேருக்குப் போனது. எஸ்.யூ. உதிரி பாகங்களை சாலிஸ்பரியில் ஒரு நிறுவனம் இன்றைக்கும் செய்து விற்கிறது. புதுத் தண்டு, புது புஷ். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது.

சமாதானப் பேச்சுவார்த்தை: ஆறு கட்டம்

அதற்கப்புறம் நடந்த ட்யூனிங் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வரிசைக்கிரமமாகச் சொல்கிறேன்.

ஒன்று: பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் ‘டொக்’ என்று தடையில்லாமல் விழ வேண்டும். தயங்கினால் உள்ளே அழுக்கு, அல்லது ஜெட் நடுவில் இல்லை. மூடியும் பிஸ்டனும் ஜோடி. இதன் மூடியை அதற்கு மாற்றிப் போடக்கூடாது. மூடியின் உச்சியில் 20 கிரேடு ஆயில் கொஞ்சம் இருக்க வேண்டும். அது வறண்டால், மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழுந்து இன்ஜின் இருமும்.

இரண்டு: கார்புரேட்டர்கள் இரண்டையும் இணைக்கிற கம்பியின் கிளாம்புகளைத் தளர்த்து. இரண்டு பேரையும் தனித்தனியே உட்கார வைத்தால்தான் பேச்சுவார்த்தை நடக்கும்.

மூன்று: இரண்டு நட்டும் 12 பட்டை. ஐடிலிங் ஸ்குரூ, தொட்ட இடத்திலிருந்து ஒரு சுற்று.

நான்கு: இன்ஜின் நன்றாகச் சூடானதும் குழாயை வைத்து, இரண்டு ‘உஸ்’ஸும் ஒன்றாகும் வரை ஐடிலிங் ஸ்குரூக்களைத் திருகு. முதலில் காற்று, பெட்ரோல் பிறகுதான்.

ஐந்து: இப்போது பெட்ரோல். ஒரு பக்க பிஸ்டனை அடியிலிருக்கும் பின்னால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கு. இன்ஜின் வேகம் ஏறி ஏறினபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். தொய்ந்தால், அல்லது நின்றே போனால், குறைவு. லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு பட்டைதான் திருப்ப வேண்டும். அப்புறம் அடுத்த பக்கம். பிறகு மறுபடி முதல் பக்கம்.

ஆறு: மறுபடி ‘உஸ்’ சோதனை. பிறகு கிளாம்புகளை இறுக்கு. மிதிக்கும்போது இரண்டு தகடும் ஒரே கணத்தில் அசைய வேண்டும். இதில் பிசகினால் மேலே செய்ததெல்லாம் வீண்.

நான் முன்னால் குழாயும் காதுமாக. பெரியவர் பின்னால் சைலன்ஸர் அருகே. ஒழுங்கில்லாமல் ‘பொசுக் பொசுக்’ என்று தெறித்தால் பெட்ரோல் குறைவு; தாளம் தவறாமல் தடுக்கிக்கொண்டே கறுப்பாக வந்தால் அதிகம். ‘‘வலது, அரைப் பட்டை மேலே!’’ என்றார். திருப்பினேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைச் சைலன்ஸரின் காற்றில் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

வலது நட்டு கடைசியில் நின்றது 12 பட்டையில் அல்ல, பதினொன்றரையில்.

உங்கள் பைக்குக்கும் உண்டு

மினி கூப்பருக்கு நாம் எங்கே போவது என்கிறீர்களா? இந்தப் பாடம் உங்கள் பழைய பைக்குக்கும் பொருந்தும். ஐடிலிங் நிற்கவில்லை என்றதும் ஏர் ஸ்குரூவைத் திருகச் சொல்லாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். பிஸ்கட் நிறமா, கரியா, வெளுப்பா? பிறகு ஏர் ஃபில்ட்டர். பிறகு கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கிற ரப்பர். வெயிலில் காய்ந்து அதில் கீறல் விட்டிருந்தால், அங்கேயும் அதே திருட்டுக் காற்றுதான். கீறலை விட்டுவிட்டு ஸ்குரூவைத் திருகினால், அது ஒரு கோளாறை மறைக்க இன்னொரு கோளாறு. மெக்கானிக் பத்து நிமிஷம் வெறுமனே சத்தம் கேட்டுக்கொண்டு நின்றால் பொறுமை இழக்காதீர்கள். வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பெரியவர் வண்டியை விற்கவில்லை. நான் ஊர் திரும்பிய பிறகும் அவ்வப்போது தகவல் வருகிறது. வருஷத்துக்கு ஒரு முறை ட்யூனிங் நடக்கிறதாம். அவர் வழக்கம்போல பின்னால், சைலன்ஸர் அருகே. முன்னால் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது, அவருடைய பேத்தி.